எம்பிஏ சேரலாமா: திருச்சி, பெங்களூரு, கோழிக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த கதை

2025 ஜூலை 14, திங்கள் – திருப்பூர், கரூர், திருச்சி

ஆகஸ்ட் தொடங்கினால் கேட் (CAT) என்ற எம்பிஏ நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் திறந்துவிடுவார்கள். நவம்பர் கடைசி ஞாயிறு தேர்வு. எழுதுவதா வேண்டாமா, எழுதினால் எந்தக் கல்லூரி என்று வீட்டில் கொஞ்ச நாளாகவே பேச்சு ஓடுகிறது. தரவரிசைப் பட்டியலை எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு கல்லூரி ஏன் ஒன்பதாவது, இன்னொன்று ஏன் பதினாறாவது, அதில் எனக்குச் சரிப்படுவது எது என்பது மட்டும் விளங்கவே இல்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஆபீஸில் லீவ் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை. அப்பா சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறார், ஜாப் ஒர்க், பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பது. அமெரிக்கா எவ்வளவு வரி போடப்போகிறது என்று தெரியாமல் பையர்கள் ஆர்டரை இழுத்தடித்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்கிற நேரம் இது. அந்தக் குறைப்பு ஒவ்வொரு கையாக இறங்கிக் கடைசியில் அப்பா மாதிரி ஆட்கள் தலையில் வந்து நிற்கிறது. ஒரு டிசர்ட்டுக்குக் காஸ்டிங் போட எனக்குத் தெரியும். அந்த யூனிட்டை ஐந்து வருடத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது, யாருக்குத் தைப்பது, யாருக்கு முடியாது என்று சொல்வது, இதெல்லாம் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்த எம்பிஏ யோசனையே.

ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே காங்கேயம் பக்கம் காற்று தாங்கவில்லை, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தோம். கரூரில் பஸ் மாறும்போது முட்டை கரம் சாப்பிட்டேன், 40 ரூபாய். பொரியும் முறுக்கும் நொறுங்காமல், சட்னி மட்டும் ஏறியிருக்கிற அந்தப் பதத்தில் இருந்தது. குளித்தலை தாண்டியதும் இடப்பக்கம் காவிரி. நல்ல தண்ணீர்.

பக்கத்து சீட்டில் வெள்ளை நூல் சேலை கட்டிய ஒரு அம்மா. "எங்க கண்ணு போற?" என்றார். காலேஜ் பார்க்க என்றேன். தம்பிக்கா என்றார், எனக்குத்தான் என்றேன். எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். பெரிய இடங்களில் இரண்டு வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தக் காசுக்கு நீயே பட்டறை போட்டுக்கலாமே கண்ணு" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். திருச்சி வந்து லாட்ஜில் பையை வைத்த பிறகும் அந்தக் கேள்வி கூடவே இருந்தது.

ஜூலை 15, செவ்வாய் – சின்ன சூரியூர்

ஐஐஎம் என்றால் மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகள். திருச்சி ஐஐஎம் புதுக்கோட்டை ரோட்டில், விமான நிலையம் தாண்டிப் போக வேண்டும். 2011இல் என்ஐடி வளாகத்துக்குள் இடம் வாங்கி ஆரம்பித்தார்கள், பிறகுதான் இந்தச் சொந்த இடம். காலை 10 மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் இறங்கியதும் குடிக்கத் தண்ணீர் வாங்க மறந்துவிட்டேன், கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆதாரைக் கேட்பதற்கு முன்னால் தன் பாட்டிலை நீட்டினார்.

கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த பெண் இங்கே இரண்டாம் ஆண்டு. அவள்தான் உள்ளே அழைத்துப் போனாள். கட்டிடம், நூலகம், ஹாஸ்டல் எல்லாம் காட்டினாள், அதெல்லாம் வெப்சைட்டிலேயே இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது வேறு. "நேத்து ராத்திரி 11 மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்த?" என்று கேட்டேன். போகிற இடமெல்லாம் இதைத்தான் கேட்பது என்று ரயில்வே கால அட்டவணை பார்க்கும்போதே முடிவு பண்ணியிருந்தேன். "நீ எப்படிப் படிக்கிற" என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும், நேற்று ராத்திரியைக் கேட்டால் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

"ஆப்பரேஷன்ஸ் அசைன்மென்ட்க்கா, க்ரூப்ல ஒருத்தன் வேலையே செய்யல, அதுல சண்டை. முடிக்கும்போது 2 மணி" என்றாள். முதல் வருடம் வந்த சில வாரத்திலேயே சிவி (பயோடேட்டா) தயாரிப்பு தொடங்கிவிடுகிறதாம். கோடையில் செய்யப்போகும் 8 வார இன்டர்ன்ஷிப்புக்கு அந்த வருடமே தேர்வு நடக்கும் என்பதால், எந்தப் பாடம் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே மார்க்கெட்டிங்கா ஃபைனான்ஸா என்று சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ஐஐஎம்களில் இதே ஓட்டம்தான். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் வந்து இங்கே கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு அந்த முதல் மூன்று மாதம் ரொம்பக் கஷ்டம் என்றாள்.

மெஸ்ஸில் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர். அங்கே உட்கார்ந்திருந்த அவள் க்ரூப்பில் பெரும்பாலும் இன்ஜினியர்கள், ஒருத்தி மட்டும் சிஏ முடித்தவள். அப்பாவுக்குப் பணம் 90 நாள் கழித்துத்தான் வருகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "உங்க அப்பா உத்யம்ல பதிவு பண்ணியிருக்காராக்கா?" என்றாள். தெரியாது என்றேன். அது சிறு குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. அப்படிப் பதிவு செய்த தொழிலுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால், பணத்தைக் கொடுக்கிற வருடம் வரை, வேலை வாங்கிய கம்பெனி அந்தத் தொகையைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற எண்ணில் வந்த விதி. இதை அவள் மோர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு மேசையில் விரலால் வரைந்து காட்டினாள். மெர்ச்சண்டைசராக இத்தனை வருடம் வேலை பார்க்கிறேன், யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

கல்லூரி என்றால் இதுதான் என்று அந்த மேசையில் பட்டது. பாடம் புத்தகத்தில் கிடைத்துவிடும். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யார் என்பது கிடைக்காது.

ராத்திரி ரயிலுக்குக் காத்திருக்கும்போது கணக்குப் போட்டேன். 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 25,300 ரூபாய். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி அப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஜூலை 16, புதன் – பெங்களூரு

ரயிலில் மேல் பெர்த்துக்காரர் குறட்டையில் தூக்கமே இல்லை. இறங்கியதும் தூறல், ஸ்வெட்டர் கொண்டு வந்திருக்கலாம். ஒரு தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டே இட்லி வடையும் காபியும், எல்லாம் சேர்த்து 90 ரூபாய்க்குள். சட்னியை எவ்வளவு கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள்.

ஆட்டோ அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். பன்னேர்கட்டா ரோட்டில் நின்று நின்று போனதில் அவர் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. மீட்டருக்கு மேல் 50 கேட்டார், அந்த டிராஃபிக்கைப் பார்த்தபின் பேரம் பேச மனசு வரவில்லை.

பெங்களூர் ஐஐஎம் 1973இல் தொடங்கியது. வளாகத்தை வடிவமைத்தவர் பி.வி. தோஷி. ஃபதேபூர் சிக்ரியும் நம் மதுரைக் கோயிலும் அவர் மனதில் இருந்ததாகச் சொல்வார்கள். உள்ளே நடக்கும்போது அது புரிந்தது. சாம்பல் நிறக் கருங்கல், நீள நீளமான நடை, மேலே பாதி மூடி பாதி திறந்து, கொடி படர்ந்து, ஒரு முற்றத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். தூறல் நின்று வெயில் வந்தபோது கல்லெல்லாம் வரி வரியாக வெளிச்சம். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இடத்தைப் பார்த்து மயங்கி முடிவெடுத்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

என் தோழியின் தம்பி இங்கே படிக்கிறான். நேற்று ராத்திரி 11 மணிக்கு? "ரெண்டு ஜூனியருக்கு மாக் இன்டர்வியூ எடுத்துட்டு இருந்தேன்க்கா, கன்சல்டிங்குக்கு." கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலைக்கான ஒத்திகை நேர்காணல் அது. அதற்கு முந்தின ராத்திரி? கேஸ் போட்டி, ஒரு கம்பெனியின் பிரச்சினையைக் கொடுத்துத் தீர்வு கேட்பது. அவன் நண்பர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் கூர்மை, அத்தனை பேரும் அன்பாகப் பேசினார்கள், ஒரு பையன் எனக்காக மறுபடி போய் டீ வாங்கி வந்தான். படிப்பு முடித்து எந்த மாதிரி கம்பெனியில், எந்த ஊரில் இருப்போம் என்று ஒவ்வொருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. நான் திருப்பூருக்குத் திரும்பி வந்து அப்பா யூனிட்டைப் பார்க்கப்போகிறேன் என்றதும் தோழியின் தம்பி யோசித்தான். "முடியும்க்கா. என்எஸ்ஆர்செல்னு தொழில் தொடங்குறவங்களுக்கு ஒரு மையமே இங்க இருக்கு. ஆனா பிளேஸ்மென்ட் நேரத்துல க்ளாஸே அந்தப் பக்கம் ஓடும்போது நீங்க மட்டும் தனியா நிக்கணும், லோனும் இருக்கும். நிப்பீங்களா?" என்று கேட்டான். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வார இறுதி வகுப்புப் படிப்பும் இங்கே உண்டு, ஆனால் திருப்பூரிலிருந்து வாராவாரம் ராத்திரி பஸ் ஏறி வர என்னால் ஆகாது.

24 வயதுப் பையன், இவ்வளவு நேராக என்னிடம் வேறு யாரும் கேட்கவில்லை. லோன் என்பது பணம் மட்டும் இல்லை, படிப்பு முடிந்த மறுநாள் நான் என்ன செய்ய முடியும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கும். மாதம் 25,000 தவணை கட்டிக்கொண்டு ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் உட்கார முடியாது, வேலைக்குப் போயே ஆக வேண்டும். சில ஐஐஎம்களில் தொழில் தொடங்குகிறவர்கள் பிளேஸ்மென்ட்டைத் தள்ளிப்போட்டு, பிறகு வந்து கலந்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அதனால் வேலை காத்திருக்கும், வங்கி காத்திருக்குமா?

ஜூலை 17, வியாழன் – பெங்களூருக்கு வெளியே

இன்றைக்குப் போனது ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். வாசலிலேயே கழுத்தில் டேக் மாட்டி, குளிர்பானம் கொடுத்து, கவுன்சிலர் என்று ஒருவர் அறைக்கு அழைத்துப் போனார். "மேடம், உங்க ப்ரொஃபைலுக்கு ஸ்காலர்ஷிப் உறுதி" என்றார், நான் என்ன படித்தேன் என்று இன்னும் கேட்கவே இல்லை. இன்றே 50,000 கட்டினால் அடுத்த வருடத்துக்கு இடம் பிடித்து வைக்கலாமாம். சுவர் முழுக்க அதிகபட்ச சம்பளம் பெரிய எழுத்தில்.

மீடியன் சம்பளம் என்ன என்று கேட்டேன். சராசரியைச் சொன்னார். மறுபடி மீடியன் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றார். இல்லை. 10 பேரில் ஒருவருக்கு 40 லட்சம், மற்ற 9 பேருக்குத் தலா 6 லட்சம் என்றால் சராசரி 9.4 லட்சம் வரும், நடுவில் நிற்பவர் வாங்குவது 6 லட்சம்தான். நாம் பெரும்பாலும் அந்த நடுவில்தான் நிற்போம். ஐஐஎம் அகமதாபாத் முன்கை எடுத்துக் கொண்டுவந்த வேலைவாய்ப்பு அறிக்கை முறையில் நிலையான சம்பளம் எவ்வளவு, வேலைத்திறனைப் பொறுத்து வருவது எவ்வளவு, மீடியன் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டுத் தணிக்கையும் செய்கிறார்கள். அப்படி ஒரு அறிக்கை இருக்கிறதா என்றேன். மெயிலில் அனுப்புகிறேன் என்றார். ஒரு வகுப்பில் கொஞ்ச நேரம் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்றதற்கு அனுமதி இல்லை என்றார். வகுப்பைப் பார்க்க விடாமல் பணத்தை மட்டும் இன்றே கட்டச் சொன்னால் கோபம் வருமா வராதா.

வெளியே டீக்கடையில் மழைக்கு ஒதுங்கினேன், டீ 15 ரூபாய். அந்தக் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் நின்றார்கள், ஒருவன் ஓசூர். கேட்டதும் மறைக்காமல் சொன்னான்: போன வருடம் வேலை கிடைத்ததில் நிறைய பேருக்கு விற்பனை டார்கெட் வேலைதானாம், வகுப்பு எடுக்கிற சில பேராசிரியர்கள் மட்டும் உண்மையிலேயே நல்லவர்களாம். தன் குடையில் என்னைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டான். அவன் அப்பா கட்டிய பணத்தை நினைத்து வழியெல்லாம் மனசு கனத்தது.

ஜூலை 18, வெள்ளி – பந்திப்பூர், தாமரச்சேரி சுரம்

பந்திப்பூர் காட்டுக்குள் ராத்திரி 9 முதல் காலை 6 வரை வண்டிகளுக்குத் தடை, அதனால் பகல் பஸ்ஸே எடுத்தேன். மைசூர், குண்டலுப்பேட்டை, அப்புறம் காடு. மான்கள் ரோட்டோரம் நனைந்துகொண்டு மேய்ந்தன. கல்பெட்டா தாண்டியதும் மழை வலுத்தது, லக்கிடியில் பஸ் நின்றுவிட்டது. கீழே ஒன்பது கொண்டை ஊசி வளைவில் எதிலோ ஒரு லாரி மாட்டிக்கொண்டதாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றோம். மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது, கழிப்பறைக்குப் பெண்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரு கடைக்காரச் சேச்சி தன் வீட்டைத் திறந்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார், காசு கொடுத்தபோது வாங்கவில்லை. அவர் கடையில் ஆளுக்கு ரெண்டு பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) வாங்கித் தின்றோம், ஒன்று 12 ரூபாய், சுடச்சுட.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு 60 வயது இருக்கும், கொடுவள்ளியில் மரக்கடை. "மோளே எவிடேக்கா?" (எங்கே போற மகளே) என்று தொடங்கி, நான் தமிழில் அவர் மலையாளத்தில், எல்லாம் பேசியாகிவிட்டது. அவர் மகன் மும்பை எஸ்பி ஜெயின் கல்லூரியில் குடும்பத் தொழில் நடத்துகிறவர்களுக்கான படிப்பு படித்தவராம். மாதத்தில் ஒரு வாரம் மும்பை, மீதி நாள் கடை. அங்கே கற்றதை வந்து மரக்கடையில் செய்து பார்ப்பது, சரிவராததைத் திரும்பக் கொண்டுபோய்க் கேட்பது. 1997லிருந்தே நடக்கிற படிப்பு அது. அப்படி ஒன்று இருப்பதே நான் போட்ட பட்டியல் எதிலும் இல்லை, ஏனென்றால் அங்கே பிளேஸ்மென்ட் கிடையாது, சம்பள எண் இல்லாததால் என் தேடலில் வரவே இல்லை. மகன் படித்ததால் என்ன மாறியது என்று கேட்டேன். முன்பெல்லாம் அப்பாவும் மகனும் சண்டை போட்டால் சண்டைதானாம், இப்போது கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களாம்.

குந்தமங்கலம் வந்து சேரும்போது ராத்திரி 10. பொரோட்டாவும் கோழிக்கறியும். துணியெல்லாம் ஈரம்.

ஜூலை 19, சனி – குந்தமங்கலம், கோழிக்கோடு

கோழிக்கோடு ஐஐஎம் குன்றின் மேல் இருக்கிறது. 1996இல் தொடங்கியது. ஏற்றம் ஏறி மூச்சு வாங்கி நின்றால் கீழே எல்லாம் தென்னந்தலை, மேலே மேகம். குடை இரண்டு தடவை திரும்பிக்கொண்டது, இரண்டாவது தடவை கம்பி போயே போய்விட்டது.

இங்கே எனக்கு வேண்டியவர் எங்கள் கம்பெனியிலேயே முன்பு மெர்ச்சண்டைசராக இருந்த அக்கா, போன வருடம் சேர்ந்தவர். இங்கே 2013இல் சேர்ந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது அப்போது பெரிய செய்தி. அதைப் படித்துத்தான் இந்த இடத்தின் மேல் ஆசையே வந்தது என்றார். ராத்திரி 11 மணி? "ப்ரைசிங் ப்ராஜெக்ட். நம்ம ஊர்ல ஷிப்மென்ட் நேரத்துல ஃபேக்டரில நிப்போம்ல, அதே முழிப்புதான்டி. இப்ப எனக்காக முழிக்கிறேன்."

திருப்பூருக்குத் திரும்புவீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார், யோசிக்கவே இல்லை. கோடையில் ஒரு ரீடெயில் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார், அதே பக்கம் போகிறார். முகத்தில் அத்தனை நிம்மதி. ஊரில் சேர்ந்து வேலை பார்த்தபோது நான் பார்த்த முகமே இல்லை. அவருக்கு இந்த இடம் சரி, நூறு சதவீதம் சரி, அவருக்கு அந்தத் தொழிலை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. எனக்கு உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஒரே மேசையில் வேலை பார்த்த ரெண்டு பேருக்கு ஒரே கல்லூரி பொருந்தாது என்பதை அவரே எனக்குச் சொன்னார், "நீ வந்தா சந்தோஷமா இருப்ப, ஆனா உங்க அப்பா யூனிட்டை மூட வேண்டியிருக்கும்" என்று.

சாயந்திரம் மிட்டாய்த் தெருவில் கறுத்த ஹல்வா வாங்கினேன், வெட்டி வெட்டி ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சுலைமானி டீ குடித்தேன். நல்ல ஊர்.

ஜூலை 20, ஞாயிறு – ரயில், வீடு

வாளையார் தாண்டியதும் மழை அப்படியே நின்றது. கோவை வருவதற்குள் துணி காய்ந்துவிட்டது.

முடிவு இதுதான். கேட் எழுதுகிறேன், ஆனால் திருச்சிக்காக மட்டும். நான்கு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம், மாதம் ஒரு தடவையாவது யூனிட்டில் உட்காரலாம், அந்த மெஸ் மேசை மனசில் நிற்கிறது. அதோடு மாதம் ஒரு வாரம் போய்ப் படிக்கிற குடும்பத் தொழில் படிப்புக்கும் விண்ணப்பிக்கப்போகிறேன், அதன் கட்டணத்தையும் மும்பை போய்வரும் செலவையும் யூனிட் கணக்கில் வைத்துப் பார்த்தபின். கடன் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வந்தால் திருச்சியையும் விட்டுவிடுவேன். இதை அப்பாவிடம் ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "இருவது லட்சத்துக்கு ஒரு புது தையல் லைனே போட்டுடலாம் சாமி" என்று, கரூர் பஸ்ஸில் அந்த அம்மா சொன்னதையேதான் அவரும் சொன்னார். போடலாம்ப்பா, அந்த லைனுக்கு யாரிடம் ஆர்டர் பிடிப்பது என்றேன். பதில் சொல்லவில்லை, கோபமும் படவில்லை, இன்னொரு துண்டு ஹல்வா எடுத்துக்கொண்டார்.

உத்யம் பதிவு பண்ணியிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை. அது இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் முடிந்துவிடும். நாளைக்குக் காலை ஆபீஸ் போவதற்கு முன் உட்கார்ந்து போட்டுவிடப் போகிறோம், அப்பா இப்போதே பான் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.